வேட்பாளரும் ஊர்க் குளமும்

ஊராட்சித் தேர்தலில் நிற்பவர் ஒருவர், குளத்தைத் தூர்வாரி அடியிலும் கரையிலும் சிமெண்டு பூசித் தருவதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெறும் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தத்தின்படி ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 29 பொருள்களில் சிறு பாசனமும் நீர் மேலாண்மையும் அடங்கும்.

இனிக் கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டேர் குளத்தில் 10 சென்டிமீட்டர் வண்டலை அள்ளினால் 1,000 கன மீட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர் நீர் கூடுதலாகத் தேங்க இடமுண்டு. நல்லதுதான். ஆனால் மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டிருந்தால் அந்த இடம் எப்படி நிரம்பும்?

சிமெண்டுத் தளமோ பார்வைக்கு அழகு, அவ்வளவே! குளத்தடி மண்ணின் வழியே கசிந்துதான் பக்கத்துக் கிணறுகளில் நீர் ஊறுகிறது. சிமெண்டு அந்தக் கசிவைத் தடுத்துவிடும். குளம் தளும்பும்போதே உங்கள் கிணற்றில் நீர்மட்டம் இறங்கக்கூடும். வாக்குக் கேட்டு வருபவரிடம், வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, சிமெண்டு எதுவரை போகும் என்று கேட்டுப் பாருங்கள்.