குடிமக்கள் வளங்காப்புப் படை

குடிமக்கள் வளங்காப்புப் படை (சிவிலியன் கன்சர்வேசன் கோர், சுருக்கமாக சி. சி. சி.) என்பது ஐக்கிய அமெரிக்காவில் 1933 முதல் 1942 வரை செயற்பட்ட அரசு வேலைத்திட்டம் ஆகும். வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு காடுகளையும் பொதுப் பூங்காக்களையும் சீரமைப்பது இதன் நோக்கம். ஏறத்தாழ 30 இலட்சம் பேர் இதில் பணியாற்றினர். படை எனப் பெயர் பெற்றிருப்பினும் இதில் போர்ப்பயிற்சி அளிக்கப்படவில்லை.

தோற்றம்

1929 இல் தொடங்கிய பெரும் பொருளியல் வீழ்ச்சியால், 1933 அளவில் அமெரிக்கத் தொழிலாளர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வேலையின்றி இருந்தார். அளவுமீறிய மரவெட்டு, காட்டுத்தீ, மண்ணரிப்பு ஆகியவற்றால் நிலவளமும் சீர்கெட்டிருந்தது. இவ்விரு சிக்கல்களுக்கும் ஒரே தீர்வாகக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் இத்திட்டத்தை முன்வைத்தார். இதற்கான சட்டம் 1933 மார்ச் 31 அன்று கையொப்பமானது. ஏப்ரல் 17 அன்று வர்ஜீனியா மாநிலக் காட்டுப் பகுதியொன்றில் முதல் முகாம் திறக்கப்பட்டது.

அமைப்பு

தொழிலாளர் துறை ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. தரைப்படை முகாம்களை நடத்தியது. வேளாண்மைத் துறையும், பொதுநிலங்களை மேற்பார்க்கும் உள்துறையும் வேலைகளை வகுத்தன. தொடக்கத்தில் 18 முதல் 25 வயது வரையான மணமாகாத ஆண்கள் சேர்க்கப்பட்டனர். மாத ஊதியம் 30 டாலர். இதில் பெரும்பகுதி, பொதுவாக 25 டாலர், நேரடியாகக் குடும்பத்திற்கு அனுப்பப்பட்டது. எனவே ஓர் இளைஞரின் உழைப்பு வறுமையுற்ற ஒரு குடும்பத்தைத் தாங்கியது. உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியன இலவசம். மாலை வகுப்புகளில் பல்லாயிரவர் எழுதப் படிக்கக் கற்றனர்.

பணிகள்

* 300 கோடிக்கும் மேற்பட்ட மரக்கன்றுகளை நடுதல்
* காட்டுத்தீயை அணைத்தல், தீக்கண்காணிப்புக் கோபுரங்கள் அமைத்தல்
* தடுப்பணைகள் கட்டி மண்ணரிப்பைத் தடுத்தல்
* பூங்காக்களில் நடைபாதைகள், பாலங்கள், தங்குகுடில்கள் அமைத்தல்

கொலராடோவில் 1941 இல் திறக்கப்பட்ட ரெட் ராக்சு திறந்தவெளி அரங்கு இப்படையினர் கட்டியதாகும். பல மாநிலப் பூங்காக்களில் இவர்களது கல், மரக் கட்டடங்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

குறைகள்

இன வேற்றுமை கூடாது எனச் சட்டம் கூறியது. அப்போது காங்கிரசில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினரான ஆசுக்கர் டி பிரீசுட்டின் முயற்சியால் இவ்விதி சேர்க்கப்பட்டது. எனினும் 1935 இல் படையின் இயக்குநர் ராபர்ட் பெக்னர், கறுப்பினத்தவருக்குத் தனி முகாம்கள் அமைக்க ஆணையிட்டார். பெண்களுக்குப் படையில் இடமில்லை. எலினோர் ரூசவெல்ட்டின் ஆதரவுடன் அவர்களுக்கெனத் தனியே நடத்தப்பட்ட முகாம்கள் சிறிய அளவிலேயே இருந்தன.

வேலைகள் அனைத்தும் இயற்கைக்கு நன்மை பயக்கவில்லை. கொசு ஒழிப்புக்காகச் சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டன. மண்ணரிப்பைத் தடுக்க நடப்பட்ட குட்சு எனும் ஆசியக் கொடி, பின்னர் தென்மாநிலங்களில் பரவி மரஞ்செடிகளை மூடும் களையானது. மரம் நடுதல் மட்டுமே வளங்காப்பு ஆகாது. அவ்விடத்தின் உயிரினச் சூழலையும் அறிதல் வேண்டும் என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

முடிவும் தாக்கமும்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபின் இளைஞர்கள் படைத்துறைக்கும் தொழிற்சாலைகளுக்கும் தேவைப்பட்டனர். 1942 இல் காங்கிரசு நிதியை நிறுத்தியதால் முகாம்கள் மூடப்பட்டன. இம்முன்மாதிரியைப் பின்பற்றி 1957 இல் மாணவர் வளங்காப்புச் சங்கம் தன்னார்வ மாணவர்களைத் தேசியப் பூங்காக்களுக்கு அனுப்பத் தொடங்கியது. 1970 இல் 15 முதல் 18 வயதினருக்கான இளையோர் வளங்காப்புப் படையும், 1976 இல் கலிபோர்னியா வளங்காப்புப் படையும் தோன்றின. இவற்றில் ஆண், பெண் இருபாலரும் பங்குகொள்கின்றனர்.