சதுர அடி 380 ரூபாய் மரத்தரை, எனக்கு 695 ரூபாய் ஆன கதை!



"எந்தச் செலவா இருந்தாலும் பில் வாங்குங்க"ன்னு நம்ம சேனல்ல நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அதை நானே மீறி மாட்டிக்கிட்ட கதைதான் இன்னிக்கு. ஒரு ஆடிட்டர் இப்படிச் சொல்றதுக்குக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு. ஆனா உங்க பணம் மிச்சமானா சரி.

அம்மாவுக்கு மூட்டு வலி. காலையில எழுந்து டைல்ஸ்ல கால் வச்சாலே "ஜில்லுனு ஏறுதுடா"ன்னு சொல்லுவாங்க. அதனால சென்னை வீட்ல அவங்க படுக்கையறைக்கு மட்டும் மரத்தரை போடலாம்னு முடிவு பண்ணினோம். அறை 12-க்கு 14, அதாவது 168 சதுர அடி. எஞ்சினியர்டு ஓக் பலகை, சதுர அடி 380 ரூபாய்னு சொன்னாங்க. மனசுக்குள்ள பெருக்கிப் பார்த்தேன்: 64 ஆயிரம். சரி, தாங்கும்னு நினைச்சேன்.

கொட்டேஷன்ல இல்லாத கணக்கு

அந்த 380 வெறும் பலகையோட விலை. முழுக் கணக்கு இப்படி வந்தது:

- பலகை, வெட்டுச் சேதாரம் சுமார் 10% சேர்த்து 185 சதுர அடி: ரூ.70,300
- அடியில விரிக்கிற ஃபோம், பிளாஸ்டிக் ஷீட்: ரூ.3,000
- பழைய டைல்ஸ் மேடுபள்ளம் சமன் செய்ய: ரூ.6,720
- போடுற கூலி: ரூ.5,880
- சுவர் ஓரம் ஸ்கர்ட்டிங், 49 அடி: ரூ.4,410
- வாசல்படி பட்டை: ரூ.900
- தரை உயர்ந்ததால கதவோட அடியை இழைச்சு மாட்ட: ரூ.1,500

மொத்தம் ரூ.92,710. அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி ரூ.16,688. ஆக ரூ.1,09,398. சதுர அடிக்கு 651 ரூபாய்! அதனால விலை கேட்கும்போது "சதுர அடி என்ன ரேட்?"னு கேட்காதீங்க. "எல்லாம் முடிச்சு, கதவு மாட்டி, வரியோட என் அறைக்கு மொத்தம் எவ்வளவு?"ன்னு கேளுங்க. அதை எழுத்துல வாங்குங்க.

"பில் இல்லாம பண்ணிக்கலாமா சார்?"

வேலை நடந்தது செப்டம்பர்ல. டாக்ஸ் ஆடிட் நேரம், வீட்டுக்கு வர்றதே ராத்திரி பதினொரு மணிக்கு. மேற்பார்வை எல்லாம் அப்பாதான். ஒரு மத்தியானம் போன் பண்ணார். "பில் வேண்டாம்னா பதினாறாயிரம் குறையுமாம், என்ன சொல்ற?" கையில வேற கிளையண்ட் ஃபைல். "சரிப்பா, பண்ணிக்கோங்க"ன்னு சொல்லிட்டேன். பணம் ரொக்கமா போச்சு.

நவம்பர் மழை வந்தது. ஒரு வாரத்துல அறையோட நடுவுல பலகை கூடாரம் மாதிரி மேல எழும்பி நின்னுச்சு. அம்மா அதுல கால் தடுக்கி, கட்டிலைப் பிடிச்சுத் தப்பிச்சாங்க.

காரணம் எளிமையானது. மரம் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சி விரியும். அதனால பலகைப் பெட்டிகளை அந்த அறையிலேயே ரெண்டு நாளாவது வச்சுப் பழக்கணும். சுவர் ஓரம் சுத்திலும் சுமார் 10 மி.மீ இடைவெளி விடணும். அதை மறைக்கத்தான் ஸ்கர்ட்டிங். எங்க ஆட்கள் பெட்டி வந்த அன்னைக்கே போட்டாங்க, சுவரோட ஒட்டியும் போட்டாங்க.

வாரண்டி கேட்டா முதல் கேள்வி: "இன்வாய்ஸ் இருக்கா?" இல்லை. வேலை செஞ்சவர் போன் எடுக்கலை. வேற ஆளை வச்சு ஸ்கர்ட்டிங் கழட்டி, ஓரம் வெட்டி, கெட்டுப்போன பலகையை மாத்த ரூ.24,000. மொத்தம் ரூ.1,16,710. அதாவது சதுர அடி 695. பதினாறாயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் இருபத்திநாலாயிரம் போச்சு.

பில் உங்களுக்குத் திருப்பித் தர்ற பணம்

இதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. வீட்டை மேம்படுத்த செய்யற மூலதனச் செலவை, பிற்காலத்துல வீட்டை விக்கும்போது லாபத்துல இருந்து கழிச்சுக்கலாம். 24 மாசத்துக்கு மேல வச்சிருந்த வீட்டுக்கு இப்போ வரி 12.5%. ரூ.1,09,398-க்கு பில் இருந்தா அப்போ குறையற வரி சுமார் ரூ.13,675. நீங்க கட்டுன ஜிஎஸ்டியில பெரும்பங்கு திரும்ப வந்த மாதிரி! சின்ன ரிப்பேருக்கு இது பொருந்தாது. பில்லும் பேங்க் மூலமா பணம் கொடுத்த ஆதாரமும் இல்லாம கேட்டா, அதிகாரி முன்னாடி நிக்காது.

வாடகைக்கு விட்ட வீடா? வாடகை வருமானத்துல 30% நிலையான கழிவு ஏற்கனவே இருக்கு. தரைக்குத் தனியா கழிவு கிடையாது. கடன் வாங்கிப் போட்டா, நீங்க குடியிருக்கிற வீட்டுக்குப் பழைய வரி முறையில புதுப்பிப்புக் கடன் வட்டி வருஷத்துக்கு ரூ.30,000 வரைதான் கழிவு. புது முறையில அதுவும் இல்லை.

கடன் வாங்கி வேண்டாமே

ரூ.1,10,000 பர்சனல் லோன், 14% வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் ரூ.3,760. வட்டி மட்டும் 25 ஆயிரத்துக்கு மேல. அதுக்குப் பதிலா மாசம் 9,000 ரூபாய் ஆர்.டி. போட்டா ஒரு வருஷத்துல தரை உங்களுடையது. தரை ஓடிப் போயிடாது நண்பர்களே.

வாங்குறதுக்கு முன்னாடி

1. லேமினேட்டை இழைச்சுப் புதுப்பிக்க முடியாது, மேல இருக்கறது மரத்தோட படம்தான். எஞ்சினியர்டுல மேல்படலம் எத்தனை மி.மீ.ன்னு கேளுங்க. 3 மி.மீ. இருந்தா ஒரு தடவையாவது இழைக்கலாம். மெல்லிய படலத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.
2. தினமும் வாளித் தண்ணி ஊத்தித் துடைக்கிற வீடா? மரம் சரிவராது. நல்லா பிழிஞ்ச துணிதான். சமையலறை, பூஜையறைப் பக்கம் யோசிக்கவே வேண்டாம்.
3. கரையான் வந்த வீடுன்னா முதல்ல அதுக்கு மருந்து, அப்புறம் பலகை.
4. கடைசி 20% பணத்தை ஒரு மழைக்காலம் முடிஞ்சதும் தர்றேன்னு முன்னாடியே பேசுங்க. ஒத்துக்கலைன்னா, கொஞ்சமாவது பிடிச்சு வைங்க.

அம்மா இப்போ காலையில பயமில்லாம கால் வைக்கிறாங்க. "நல்லாத்தான் இருக்கு, ஆனா பில் வாங்கியிருக்கலாம்"னு அப்பா இன்னிக்கும் குத்திக்காட்டுவார். சரின்னு சொன்னது நான்தானே, பதில் பேச முடியலை.

உங்க கொட்டேஷனை அடுத்த தடவை கையில எடுக்கும்போது, அதுல இல்லாத வரிகளை முதல்ல தேடுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.