டிரெய்லருக்கும் தனி வரி, தனிப் பதிவு

தாம்பரம், பல்லாவரம் மொத்தக் கடைகளுக்கு அரிசி, சர்க்கரை லோடு டிரெய்லரில் வந்தால், முன்னால் உள்ள லாரியின் ஆர்.சி. புத்தகம் மட்டும் போதாது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. கொக்கியில் மாட்டிப் பின்னால் இழுத்து வருவது டிரெய்லர். பாரத்தில் ஒரு பங்கை இழுக்கும் வண்டியின் முதுகில் சுமத்துவது செமி டிரெய்லர். பெரிய சரக்கு வண்டிகளுக்கு நமது மாநிலத்தில், 1974-ஆம் வருடச் சட்டப்படி, லோடுடன் சேர்ந்த எடையை வைத்தே காலாண்டு வரி.

அந்த எடையை மீறினால் 2019 முதல் அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. அதிக மூட்டையை இறக்கும் கூலி வேறு. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் பொறுப்பு என்கிறது சட்டம். 'பத்து மூட்டைதானே' என்று டிரைவரை வற்புறுத்தும் வியாபாரிகள் கவனிக்கவும். வாடகை பேசும்போதே இரு பதிவுகளையும் நடப்புக் காலாண்டு வரி ரசீதையும் நாங்கள் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுகிறோம்.