மடி வீங்கினால் உடனே ஊசிதானா?



நம்மில் பல வீடுகளில் சம்பளத்துக்கு அடுத்த வருமானம், கொட்டிலில் நிற்கிற ஒரு மாடும் நாலு கோழியும்தான். மாட்டுக்கு மடி வீங்கிப் பால் திரிந்து வந்தால், யாரிடமாவது மிஞ்சிக் கிடக்கிற அன்டிபயோடிக் ஊசியைத் தேடுறோம். கோழி தூங்கி விழுந்தால் மனுசர் குடிக்கிற கெப்சூலை உடைத்துத் தண்ணியில் கரைக்கிறோம். இது ஏன் கூடாது, வீட்டு மருந்து எதுவரைக்கும் உதவும் என்று பார்ப்போம்.

ஊசி போட்ட மருந்து சில நாட்களுக்குப் பாலிலும் இறைச்சியிலும் இருக்கும். அந்தப் பாலில் கல்முனைப் பக்கத்தார் தயிர் போட்டால் சரியாக உறையாமல் போகலாம். உறைமோரில் உள்ள நல்ல கிருமியை மருந்து கொன்றுவிடும். அந்தப் பாலைத்தான் நம்ம பிள்ளைகளும் குடிக்குது.

இதைவிடப் பெரிய கெடுதி ஒன்று உண்டு. அரைகுறையாகக் கொடுத்த மருந்தில் சாகாமல் தப்புகிற கிருமி, அந்த மருந்துக்கு அசையாத கிருமியாகப் பெருகும். நாளைக்கு அதே கிருமி மனுசருக்கு வந்தால் ஆஸ்பத்திரி மருந்தும் கேட்காது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945ல் நோபல் பரிசு வாங்கியபோதே இதை எச்சரித்தார். வளர்ச்சிக்காகத் தீனியில் அன்டிபயோடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முற்றாக நிறுத்தியது.

தமிழ்நாட்டில் தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மாட்டு நோய்களுக்கான மூலிகை முறைகளை ஒழுங்குபடுத்தினார். இந்தியாவின் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் அவற்றைப் பரப்பி வருகிறது. மடி நோய்க்கு அவர்கள் சொல்வது இதுதான்:

சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், வெற்றிலைச் சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் சிவந்து வரும். மடியைக் கழுவி, பாலை முழுதும் கறந்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணியில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். நாளுக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். தினமும் இரண்டு தேசிக்காயை வெட்டித் தின்னவும் கொடுக்கலாம்.

கோழித் தீனியில் உள்ளி, மஞ்சள், கருஞ்சீரகம் கலந்து பல நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். பலன் எல்லா இடத்திலும் ஒன்றுபோல வரவில்லை. கொஞ்சமாகக் கொடுக்கலாம், அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ரானிக்கெட் வைரஸ் நோய். அதுக்கு அன்டிபயோடிக்கும் கேட்காது, மூலிகையும் தடுக்காது. தடுப்பூசிதான் வழி.

மாட்டுக்குக் காய்ச்சல் அடித்தாலோ, தீனி எடுக்காவிட்டாலோ, இரண்டு நாளில் வீக்கம் குறையாவிட்டாலோ அரச கால்நடை வைத்தியரிடம் போங்கள். அவர் ஊசி போட்டால் சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள். எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். குர்பானுக்கு வளர்க்கிற ஆடு மாட்டுக்கும் இதே கணக்குத்தான். அறுக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கேளுங்கள்.

கொட்டிலைக் காய வைத்து, கறக்க முன் கையையும் மடியையும் கழுவினாலே பாதி நோய் வராது. அதுக்குக் காசு செலவில்லை.