சத்திரம் வரை

எரிகோ வீதியில் குற்றுயிராய்க் கிடந்தவனுக்குச் சமாரியன் செய்த உதவியை, தாமே வைத்தியர் என்பதாலோ என்னவோ, லூக்கா வெகு நுணுக்கமாக விவரிக்கிறார் (லூக்கா 10:25-37). காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததையும், கட்டுப்போட்டதையும், சத்திரத்தில் சேர்த்துப் பராமரித்ததையும், திரும்பி வருவதாகச் சொன்னதையும் அவர் விடவில்லை. நாமோ அவனுடைய இரக்கத்தைப் பிரசங்கித்து, தாதிப் பணியை மறந்துவிடுகிறோம்.

பிரியமானவர்களே, ஹந்தானை மலையடிவாரத்திலுள்ள கண்டி வைத்தியசாலையிலிருந்து, பாதப்புண்ணுக்குக் கட்டுப்போட்டு வெளியேறும் ஒரு நீரிழிவு நோயாளியை எண்ணிப் பாருங்கள். கட்டு நனையக் கூடாது, அதிகம் நடக்கக் கூடாது. வீடுள்ளவருக்கு இது இலேசான புத்திமதி. மழை மிகுந்த கண்டியில் கடைவாசலில் படுப்பவர் இதை எவ்விதம் கைக்கொள்வார்? கடை திறக்குமுன் அவர் எழுந்து நடந்தேயாக வேண்டும். உணர்ச்சியற்ற பாதம் வலியால் எச்சரிப்பதில்லை. புண் எலும்பை எட்டினால் காலையே அகற்ற நேரிடலாம்.

இத்தகைய காயத்துக்கு இரக்கத்தோடு கைப்பழக்கமும் வேண்டும். 1948 இல் லொரேட்டோ மடத்தைவிட்டுப் புறப்பட்ட அன்னை தெரேசா, நேரே கல்கத்தாச் சேரிக்குச் செல்லவில்லை. முதலில் பாட்னாவுக்குப் போய், மருத்துவ மிஷன் சகோதரிகளின் வைத்தியசாலையில் நோயாளரைப் பராமரிக்கக் கற்றார். சோறும் உப்பும் மட்டும் உண்டு பணிசெய்யலாம் என்றிருந்த அவருடைய எண்ணத்தையும் அச்சகோதரிகளே மாற்றினர். பட்டினி கிடப்பவர் பிணியாளரைத் தூக்க முடியாதல்லவா!

கைப்பழக்கத்துக்கும் முன்னே நம்பிக்கை பிறக்க வேண்டும். 1985 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், வீடற்றோர் விடுதியொன்றுக்குப் பணிசெய்ய வந்த இளம் வைத்தியர் ஜிம் ஓகொன்னலிடம், ஸ்டெதஸ்கோப்பை ஒதுக்கிவைக்கும்படி சொன்னவர் பார்பரா மெக்இனிஸ் என்னும் தாதி. வருவோரின் பாதங்களை நீரில் ஊறவைத்துக் கழுவுவதே வைத்தியருக்கு அவர் கொடுத்த வேலை. நெடுங்காலம் சிகிச்சையை மறுத்துவந்த முதியவர் ஒருவர், வாரக்கணக்கில் தம் பாதங்களைக் கழுவியவரிடமே கடைசியில் மருந்துக்கு இணங்கினார். யோவான் 13 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் துவாலையைக் கட்டிக்கொண்டபோதும், கழுவுகிறவர் கீழே, கழுவப்படுகிறவர் மேலே.

வைத்தியசாலையில் தங்குமளவு நோயுமின்றி, வீதியில் படுக்குமளவு சுகமுமின்றி இருப்போருக்காகப் பின்னர் அந்நகரில் அமைந்த இல்லத்துக்குப் பார்பராவின் பெயரே சூட்டப்பட்டது. சமாரியன் தேடிய சத்திரம் அதுவே.

நம் சபைகளிலும் ஓய்வுபெற்ற தாதியர் இருக்கிறார்கள். மாலையில் அவர்களோடு வீதிக்கு வர இரண்டு பேர், கட்டு மாற்றும் நாளில் தவறாமல் அதே கடைவாசலுக்குத் திரும்பும் ஒழுங்கு, புண் ஆறும்வரை ஒருவரைப் படுக்கவைக்கச் சபை மண்டபத்தில் ஈரமில்லாத ஓர் அறை. இவற்றை அடுத்த சபைக் கூட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம்.