வார நாளில் விளம்பரம், விடுமுறையில் சினிமா

கல்கத்தா விளம்பரக் கம்பெனி ஓவியர் ஒருவர் வேலையை விடாமலே படம் எடுத்த கதை

முந்தைய வாரம் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்த நாணல் காடு இப்போது மொட்டையாக நின்றது. மேய வந்த மாடுகள் பூக்களைத் தின்று தீர்த்திருந்தன. பர்த்வான் மாவட்டத்தில் பால்சித் அருகே உள்ள அந்த வயலில், 1952 அக்டோபர் 27 அன்று தன் முதல் படத்தின் முதல் ஷாட்டை எடுத்த சத்யஜித் ராய், மிச்சக் காட்சிக்காகத் திரும்பி வந்தபோது கண்டது இதைத்தான். வங்காளிகள் ‘காஷ்’ என்று சொல்லும் அந்தப் பூ துர்கா பூஜையை ஒட்டித்தான் மலரும். இனி அடுத்த ஆண்டுதான். குழுவினர் மூட்டை கட்டினார்கள். ராய் மறுபடி வழக்கம்போல ஆபீசுக்குப் போனார்.

அவரது புகழைப் பேசுபவர்கள் பலரும் விட்டுவிடும் விஷயம் இது. ‘பதேர் பாஞ்சாலி’ வெளியாகும்வரை ராய் மாதச் சம்பளக்காரர். உலக சினிமாவில் இந்தியாவுக்கு இடம் பிடித்துத் தந்த படம் உருவானது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், கேட்டு வாங்கிய லீவு நாட்களிலும்.

அவருக்கு வேறு வழியும் இல்லை. 1921இல் பிறந்த ராய்க்கு இரண்டு வயதாகும்போது, எழுத்தாளரான தந்தை சுகுமார் ராய் இறந்துபோனார். தாத்தா உபேந்திரகிஷோர் தொடங்கிய அச்சகமும் கைவிட்டுப் போனது. தாய் சுப்ரபா, மகனோடு தன் சகோதரர் வீட்டில் தங்கி, வேலை பார்த்து வளர்த்தார். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் ஓவியம் கற்கச் சென்ற ராய், படிப்பை முடிக்காமலே 1942இல் ஊர் திரும்பினார். 1943இல், வங்காளம் பஞ்சத்தில் வாடிய அதே ஆண்டில், டி.ஜே. கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் ஜூனியர் ஓவியராகச் சேர்ந்தார். சம்பளம் 80 ரூபாய்.

மலேரியா மாத்திரைக்கும் தேயிலைக்கும் படம் போடும் வேலை. அதே வேலைக்கு வெள்ளைக்காரர்களுக்குக் கூடுதல் சம்பளம் என்ற கசப்பு அலுவலகத்தில் இருந்தது. விளம்பரம் தருபவர்களின் ரசனையைச் சகித்துக்கொள்வதும் சுலபமாக இல்லை. ஆனாலும் ராய் படிப்படியாக முன்னேறி ஆர்ட் டைரக்டர் ஆனார்.

அலுப்பைப் போக்க வேறு இடங்கள் இருந்தன. ஒன்று, சென்ட்ரல் அவென்யூ காபி ஹவுஸ். அங்கே நண்பர்களோடு சினிமாப் பேச்சு மணிக்கணக்கில் நடக்கும். அந்தப் பேச்சே 1947இல் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியாக உருவெடுத்தது. ஏதாவது நாவல் படமாகப்போகிறது என்று அறிவிப்பு வந்தால் ராய் தானாகவே அதற்குத் திரைக்கதை எழுதிவைப்பார். படம் வந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பணம் வாங்காத பயிற்சி!

இன்னொன்று, சக ஊழியர் டி.கே. குப்தா தொடங்கிய சிக்னெட் பிரஸ். அதன் புத்தகங்களுக்கு ராய் அட்டை வரைந்தார். ஜிம் கார்பெட்டின் புலிவேட்டைப் புத்தகத்துக்கு அவர் போட்ட அட்டை அப்போது பெரிதாகப் பேசப்பட்டது: புலித்தோல் வரிகள், முன் அட்டையில் குண்டு நுழைந்த துளை, பின் அட்டையில் அது வெளியேறிய பெரிய துளை. பிபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரையும் வேலையும் அப்படி வந்ததுதான். மழையில் ஒடுங்கி நிற்கும் அக்கா, தம்பி. வரைய வரைய அது படமாகவே கண்ணில் ஓடத் தொடங்கியது.

1949இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்துக்கு இடம் தேடிக் கல்கத்தா வந்தார். வார விடுமுறைகளில் அவரோடு கிராமங்களைச் சுற்றினார் ராய். மறு ஆண்டு கம்பெனியே அவரை லண்டன் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியது. சில மாதங்களில் சுமார் நூறு படங்கள் பார்த்துத் தள்ளினார். டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படம் அவருக்குத் துணிச்சல் தந்தது. நட்சத்திரமும் வேண்டாம், ஸ்டூடியோவும் வேண்டாம். திரும்பும் கப்பலிலேயே ‘பதேர் பாஞ்சாலி’க்குக் குறிப்புகள் எழுத ஆரம்பித்தார்.

தயாரிப்பாளர்கள் கையை விரித்தார்கள். ஆயுள் காப்பீட்டு பாலிசியை வைத்துக் கடன் வாங்கினார் ராய். ஆசையாகச் சேர்த்த இசைத்தட்டுகளும் கலைப் புத்தகங்களும் விலைக்குப் போயின. மனைவி பிஜயாவின் நகைகள் அடகுக்குப் போயின. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவுக்கு வயது 21. அதற்கு முன் அவர் சினிமா கேமராவைக் கையாண்டதில்லை.

அனுபவம் இல்லாத இடத்தில் யோசனை உதவியது. அபுவாக நடித்த சிறுவனை நாணல் காட்டில் அக்காவைத் தேடி நடக்கச் சொன்னால், நூல் பிடித்தாற்போல நேராக நடந்தான். வழியில் குச்சிகளைப் போட்டார் ராய். நாணலுக்குள் ஆட்களை மறைத்து, இங்கொருவர் அங்கொருவராகக் கூப்பிடச் சொன்னார். சிறுவன் தயங்கினான், திரும்பிப் பார்த்தான், தாண்டினான். காட்சி கிடைத்தது.

பணம் தீர்ந்து படம் மாதக்கணக்கில் நின்றது. மிட்டாய்க்காரர் பின்னால் நாய் ஓடும் காட்சியை முடிப்பதற்குள் அந்த நாய் செத்துப்போனது. அதே சாயலில் இன்னொன்றைத் தேட வேண்டியிருந்தது. அபுவின் குரல் உடையவில்லை, துர்கா வளர்ந்துவிடவில்லை, 80 வயது சுனிபாலா தேவி உயிரோடு இருந்தார் என்பவையே தன்னைக் காப்பாற்றிய மூன்று அதிசயங்கள் என்று ராய் பிற்பாடு சொல்வதுண்டு.

கடைசியில் தாயின் தோழி ஒருவர் மூலம் விஷயம் முதல்வர் பி.சி. ராயிடம் போனது. மேற்கு வங்க அரசு பணம் தந்தது. பெயரில் ‘பாதை’ இருந்ததால் அரசுக் கணக்கில் அது சாலை மேம்பாட்டுச் செலவானது என்பது இன்றும் சொல்லப்படும் வேடிக்கை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1955 மே மாதம் திரையிட நாள் குறித்தாகிவிட்டது. படத்தொகுப்பாளர் துலால் தத்தாவும் ராயும் கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் வெட்டி ஒட்டினார்கள். ரவிசங்கர் ஒரே இரவில் இசையை முடித்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தா பாசுஸ்ரீ தியேட்டரில் படம் வெளியானது. விளம்பரங்களை ராயே வடிவமைத்தார். அதற்கு வெளியாள் எதற்கு? முதலில் மந்தமாக இருந்த கூட்டம் போகப்போகப் பெருகியது. ஆனால் ஆறு வாரத்தில் படத்தை எடுக்க வேண்டியதாயிற்று. ஜெமினி ஸ்டூடியோவின் ‘இன்சானியத்’துக்குத் தியேட்டர் முன்பே பதிவாகியிருந்தது. ராயின் படத்தைப் பார்த்த ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசன் அவர் வீட்டுக்கே போனார். இப்படிப்பட்ட படம் என்று தெரிந்திருந்தால் தன் படத்தைத் தள்ளிவைத்திருப்பேன் என்றார்.

வேலையை விடும் துணிச்சல் ராய்க்கு அதன் பிறகே வந்தது. 12 ஆண்டுக்கு மேல் செய்த தொழில் மட்டும் அவரை விடவில்லை. பின்னாளில் தன் படங்களின் போஸ்டர், டைட்டில் எழுத்து, காட்சிப் படங்கள் எல்லாவற்றையும் அவரே வரைந்தார். 80 ரூபாய்ச் சம்பளத்தில் பழகிய கை அது.