ஸ்கேன் நார்மல் என்றால் நோய் இல்லை என்று ஆகுமா?

ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் உள்ள வீடுகளில் ஒரு காகிதம் பெரும் சண்டைக்குக் காரணமாகிவிடுகிறது. அது மூளை எம்.ஆர்.ஐ. அறிக்கை. கடன் வாங்கிக்கூட எடுத்திருப்பார்கள். கடைசி வரியில் குறைபாடு ஏதும் இல்லை என்று இருக்கும். "பாத்தியா, எல்லாம் நார்மல்னு எழுதியிருக்கு. அப்ப நீ வேணும்னுதானே பண்றே?" என்று அப்பா கேட்பார். சோப்பில் ஊறித் தோல் உரிந்த கையோடு நிற்கும் மகளிடம் அதற்குப் பதில் இருக்காது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. ஓ.சி.டி. உள்ளவர்களின் மூளை இணைப்புகளே வேறு மாதிரி இருக்கின்றன என்று எங்கோ படித்துவிட்டு, "மூளையே கோளாறாம், இவனை நம்பி யார் பொண்ணு கொடுப்பா, யார் வேலை கொடுப்பா" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டு பேச்சும் தவறு, இரண்டும் ஒருவரின் வாழ்க்கையைக் கெடுக்கக்கூடியவை. ஸ்கேனைக் காட்டி நோயை மறுக்கவும் முடியாது, மனிதரை முத்திரை குத்தவும் கூடாது. ஏன் என்று புரிய, ஆய்வுகள் உண்மையில் என்ன கண்டன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் நோயைப் பற்றி. விரும்பாத ஓர் எண்ணமோ காட்சியோ மனதுக்குள் திரும்பத் திரும்ப நுழைகிறது. அது தரும் பதற்றத்தை அடக்க ஒரு செயலைச் செய்யத் தோன்றுகிறது. செய்தால் சற்று நிம்மதி, சில நிமிடங்களில் மறுபடி அதே எண்ணம். கை கழுவுவதும் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பதும் கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வீடு திரும்புவதும் எல்லோருக்கும் தெரிந்தவை. வெளியே தெரியாத வடிவங்கள்தான் அதிகம் வதைக்கின்றன. சாமி கும்பிடும்போது கெட்ட வார்த்தை மனதில் வந்துவிட்டதே என்று நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயந்து அரிவாள்மனையை ஒளித்து வைக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணத்தைக் கண்டு அவர்கள் அருவருப்படைவதே அது அவர்கள் விருப்பம் அல்ல என்பதைக் காட்டுகிறது. பிரசவத்துக்குப் பிறகு வரும் கடுமையான மனநோய் வேறு. அதில் உடனடி ஆபத்து உண்டு, இரண்டையும் பிரித்தறிய வேண்டியவர் மருத்துவர். வெட்கப்பட்டு மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

2015-16ல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் 0.8 சதவீதம் பேருக்கு ஓ.சி.டி. இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாடும் அந்த ஆய்வில் இருந்தது. பெரியவர்கள் ஆயிரம் பேர் வாழும் ஊரில் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதிலேயே நோய் தொடங்கிவிடுகிறது. மருத்துவரிடம் வந்துசேரப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இனி மூளை. கண்குழிக்கு மேலே உள்ள முன்மூளைப் பகுதி, பழக்கங்களோடு தொடர்புடைய காடேட் என்ற உள்பகுதி, செய்திகளை மேல்மூளைக்குக் கடத்தும் தாலமஸ் ஆகியவை ஒரு வட்டமாக இணைந்து இயங்குகின்றன. "ஏதோ சரியில்லை" என்ற உணர்வு எழுவதிலும் "சரி, முடிந்தது" என்று அது அடங்குவதிலும் இந்த வட்டத்துக்குப் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஓ.சி.டி. உள்ளவருக்குக் கை கழுவியது நன்றாகத் தெரியும். முடிந்தது என்ற நிறைவுதான் வராது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் 1987ல் வெளியிட்ட பெட் ஸ்கேன் ஆய்வு, இந்த முன்மூளைப் பகுதியும் காடேட்டும் நோயாளிகளிடம் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சர்க்கரையைச் செலவழிப்பதைக் காட்டியது. 1992ல் அதே குழு சொன்ன செய்தி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. சிலருக்கு ஃபுளுவாக்ஸ்டின் மாத்திரை, சிலருக்கு மாத்திரையே இல்லாமல் நடத்தைப் பயிற்சி. குணம் கண்டவர்களில் இரு தரப்பிலும் காடேட்டின் வேகம் தணிந்தது. பேசியும் பழகியும் தரும் சிகிச்சைகூட மூளையின் இயக்கத்தை மாற்றுகிறது. மூளைக் கோளாறு என்றால் மாற்ற முடியாதது என்ற பயம் அன்றே பொய்த்துவிட்டது.

இந்தச் சித்திரம் அவ்வளவு எளிமையாக நிற்கவில்லை. எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 2023ல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 28 தொகுப்புகளிலிருந்து 1,024 நோயாளிகள், 1,028 நோயற்றவர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் இதில் பங்கேற்றார்கள். சும்மா படுத்திருக்கும்போது மூளையின் எந்தெந்தப் பகுதிகளில் ரத்த ஓட்டம் சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று அளந்து, அதையே இணைப்பு என்று கணக்கிட்டார்கள். நோயாளிகளிடம் இணைப்பு பரவலாகச் சற்றுக் குறைந்திருந்தது. தொடுவுணர்வையும் அசைவையும் கவனிக்கும் பகுதிகளில் அது அதிகம் தெரிந்தது. தாலமஸோடு சில இணைப்புகள் மட்டும் கூடியிருந்தன. பல ஆண்டுகளாக எல்லோரும் எதிர்பார்த்த முன்மூளை, காடேட் வட்ட வேறுபாடு அங்கே தென்படவில்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் சோதித்தது. ஸ்கேனை மட்டும் கணினியிடம் கொடுத்தால், இவர் நோயாளியா இல்லையா என்று சொல்லிவிடுமா? கணிப்புக்கான மதிப்பெண் 0.5 என்றால் காசைச் சுண்டிப்போட்டுச் சொல்வதற்குச் சமம், 1 என்றால் பிழையே இல்லை. கிடைத்தது 0.57க்கும் 0.67க்கும் இடையில். மருந்து எடுப்பவர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் கணிப்பு சற்று மேம்பட்டது. கணினி பிடித்ததில் ஒரு பகுதி மருந்தின் தடமாக இருக்கலாம். ஆயிரம் பேரின் சராசரியில் தெரிகிற சின்ன வேறுபாடு உங்கள் வீட்டு ஒருவரின் படத்தில் தெரியாது. வழக்கமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. இந்த இணைப்பைக் கணக்கிடுவதும் இல்லை. அது கட்டி, ரத்தக்கசிவு, அடைப்பு போன்றவற்றைத் தேடுகிறது. ஆகவே ஓ.சி.டி. உள்ளவரின் அறிக்கை நார்மல் என்று வருவது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

ஸ்கேன் எடுத்தோ மூளை வரைபடம் போட்டோ ஓ.சி.டி.யைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று யாராவது தொகை பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். வலிப்பு, தலையில் அடி, முதிய வயதில் திடீரென்று தொடங்கிய அறிகுறி போன்ற காரணங்களுக்காக உங்கள் மருத்துவர் ஸ்கேன் கேட்டால் அது வேறு, எடுக்கத்தான் வேண்டும். நோயைத் தீர்மானிப்பது பொறுமையான உரையாடல்தான். இந்த எண்ணங்களும் செயல்களும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்குகின்றனவா, படிப்பையும் வேலையையும் குடும்பத்தையும் முடக்குகின்றனவா என்று மருத்துவர் கேட்பார். கடுமையை அளக்க 40 மதிப்பெண்ணுக்கான யேல்-பிரவுன் அளவுகோல் உண்டு.

சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது. பயத்தைத் தூண்டும் சூழலைப் படிப்படியாக எதிர்கொண்டு, வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் பயிற்சி முதன்மையானது. பேருந்துக் கம்பியைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் உட்கார்ந்திருப்பது போன்றது. பதற்றம் ஏறும், பிறகு தானாக இறங்கும். மருந்தில் ஃபுளுவாக்ஸ்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளுவாக்ஸமைன் வகைகள் முதலில் தரப்படும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவு பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். இரண்டு வாரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்துவதும், நன்றாகிவிட்டது என்று மருத்துவரைக் கேட்காமல் விடுவதும்தான் பலர் மறுபடி விழும் இடம். கடையில் வாங்கும் தூக்க மாத்திரை இந்த நோய்க்கு மருந்தல்ல.

குடும்பத்தாரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "பூட்டிட்டேன்ல அம்மா?" என்று இருபதாவது முறை கேட்கும்போது "பூட்டிட்டே கண்ணு" என்று சொல்வது அன்புதான். ஆனால் அந்தப் பதிலும் சடங்கின் ஒரு பகுதியாகி நோயை வளர்க்கிறது. அதை ஒரே நாளில் வெடுக்கென்று நிறுத்தக் கூடாது. சிகிச்சையாளரோடு பேசி, நோயாளிக்கும் சொல்லிவிட்டு, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். திட்டுவதும் அடிப்பதும் பதற்றத்தைக் கூட்டும். தற்கொலை எண்ணம் இந்த நோயில் அரிதல்ல. அதைப் பற்றி நேராகக் கேட்பதால் தீங்கில்லை.

உரிமைகளுக்கு வருவோம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்தது 2018 மே 29 அன்று. அதன் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசின் நிதியில் இயங்கும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை ஆக்குகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அதற்கான அட்டை இல்லாவிட்டாலும் சிகிச்சை இலவசம். உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. காப்பீட்டு நிறுவனம் மனநோய் என்ற ஒரே காரணத்தால் மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு புகார் செய்யுங்கள். உங்கள் நோய் விவரத்தை ரகசியமாகக் காக்க வேண்டும், மருத்துவப் பதிவுகளை நீங்கள் கேட்டால் தர வேண்டும். பிற்காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று 18 வயது நிரம்பியவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம்.

மனநோயாளிகளுக்குச் சங்கிலி போடுவதை இதே சட்டத்தின் பிரிவு 95 எந்த வடிவிலும் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். நம் மண்ணில் நடந்தது அது. நேர்ச்சை செய்வதும் தர்காவுக்கோ கோயிலுக்கோ போவதும் உங்கள் நம்பிக்கை. ஒருவரைக் கட்டிவைப்பது குற்றம்.

திருமணம், சொத்து, வேலை என்று வரும்போது "மூளை கோளாறு" என்ற சொல் ஆயுதமாக எடுக்கப்படுகிறது. இதற்கும் சட்டத்தில் பதில் உண்டு. ஒருவருக்கு மனநோய் இருப்பதாலேயே அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார், அதற்கு உரிய நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 3 தெளிவாகச் சொல்கிறது. மனநோயின் பெயரை மட்டும் வைத்து விவாகரத்து கிடைக்காது, சேர்ந்து வாழ முடியாத அளவு கடுமை இருப்பதைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988லேயே தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 மனநோயையும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. நோய் கடுமையாகி 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் சான்றிதழ் பெறலாம். லேசான நோய்க்கு அது தேவையும் இல்லை.

உரிமை மறுக்கப்பட்டால் மனநல மறுஆய்வு வாரியத்தில் புகார் கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும், தொலைபேசி எண் 15100. சிகிச்சைக்கு எங்கே போவது என்று தெரியாதவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. டெலி மானஸ் எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. நோயாளிதான் அழைக்க வேண்டும் என்பதில்லை. அம்மா அழைக்கலாம், கணவன் அழைக்கலாம், விடுதியில் உடன் தங்கும் தோழி அழைக்கலாம். தள்ளிப்போடாமல் இன்றே அழையுங்கள்.